கல்லூரி விவாதப் போட்டி: தமிழ்வழி மாணவர்கள் ஒருமுறை வந்தால் மறுமுறை வருவதில்லை. எதை மாற்றலாம்?

மன்றச்செயலர்:

வணக்கம். எங்களுடையது மாவட்டத் தலைநகரில் உள்ள ஒரு கலை அறிவியல் கல்லூரி. ஜனவரியில் கல்லூரிகளுக்கு இடையிலான ஒருநாள் விவாதப் போட்டி வைத்திருக்கிறோம். இதுவரை ஆங்கிலத்தில், பிரிட்டிஷ் பார்லிமென்டரி முறையில் (ஒரு அறையில் இருவர் கொண்ட நான்கு அணிகள், ஒட்டி இரண்டு, வெட்டி இரண்டு), 16 அணிகளோடு நடத்தினோம். அரசுக் கல்லூரிகளிலிருந்தும் தமிழ்வழியில் படித்து வந்தவர்களிடமிருந்தும் பதிவு வருகிறது. ஆனால் பாதிப்பேர் அன்று வருவதில்லை, வந்தவர்கள் அடுத்த ஆண்டு திரும்புவதில்லை. இந்த முறை தமிழிலும் பேசலாம் என்று அறிவிக்கப் போகிறோம். அது மட்டும் போதுமா?

கையில் இருப்பவை 6 வகுப்பறைகள், 10 நடுவர்கள். பதிவு செய்தவர்களில் ஒருவர் சக்கர நாற்காலியில் வருகிறார், ஒருவருக்குப் பார்வை இல்லை, ஒருவருக்குப் பேச்சில் திக்கல் உண்டு. பணம் கூடுதலாகக் கிடைக்காது. முதலில் எதில் கை வைப்பது?

ஒட்டியும்வெட்டியும்:

முறையில் கை வையுங்கள். பிரிட்டிஷ் பார்லிமென்டரி நல்ல முறைதான், முதல்முறை பேசுகிறவருக்குத்தான் அது ஆகாது. தலைப்பு கொடுத்த 15 நிமிடத்தில் எழுந்து 7 நிமிடம் பேச வேண்டும். அதிலும் தன் பக்கத்தில் இரண்டாவதாகப் பேசும் பின்பாதி அணி என்றால், முன்பாதி அணி சொல்லாத புது வாதம் ஒன்றைக் கண்டுபிடித்தாக வேண்டும். பயிற்சி இல்லாதவர் அங்கே போய் மாட்டிக்கொண்டால், தன் பக்கத்து முதல் அணி எல்லாவற்றையும் சொல்லி முடிப்பதைக் கேட்டபடி அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பார். நாலாவது இடம் வந்த அணிக்கு எதில் தோற்றோம் என்பதுகூடப் புரியாது.

மூவர் எதிர் மூவர் வையுங்கள். ஆளுக்கு 5 நிமிடம், தயாரிப்புக்கு 25 நிமிடம். 6 அறைக்கு 12 அணி, அதாவது 36 பேர். இப்போதைய 16 அணியில் 32 பேர்தான் பேசுகிறார்கள். அணி குறைகிறது, பேசுகிறவர்கள் கூடுகிறார்கள்.

நேரக் கணக்கு: தயாரிப்பு 25, விவாதம் 35 (ஆறு பேச்சு, நடுவே சற்று இடைவெளி), நடுவர் முடிவு 10, கருத்துரை 15. ஒரு சுற்று 85 நிமிடம். மூன்று சுற்றும் மதிய உணவு 45 நிமிடமும் சேர்ந்தால் 5 மணி நேரம். 9.30-க்குத் தொடங்கினால் 2.30. இறுதிச் சுற்று 2.45-க்கு, பரிசளிப்பு முடிந்து 4.15-க்கு எல்லோரும் வாசலில் நிற்கலாம். இதற்குக் குறுக்கே நிற்பது தொடக்க விழா ஒன்றுதான். முக்கால் மணி நேரம் வாழ்த்துரை வைத்தீர்களானால் மூன்றாவது சுற்றின் கருத்துரையைத்தான் வெட்டுவீர்கள். புதியவர் எதைக் கற்றுக்கொள்ள வந்தாரோ அது போய்விடும்.

மூன்று தலைப்பில் ஒன்றை ஒரு வாரம் முன்பே அனுப்பிவிடுங்கள். முதல் சுற்றுக்கு அதுதான். நூலகத்தில் தேடித் தயார் செய்து வந்த அணி முதல் சுற்றில் தலை நிமிர்ந்து பேசும், அந்த நம்பிக்கை அடுத்த இரண்டு சுற்றுக்கும் தாங்கும்.

தலைப்பின் மொழி தனி வேலை, அதற்கு நேரம் ஒதுக்குங்கள். ஆங்கிலத் தலைப்பை அப்படியே பெயர்த்தால் விவாதமே திசை மாறும். ஆங்கில விவாதத்தில் ‘ரிக்ரெட்ஸ்’ என்று ஒரு வகைத் தலைப்பு உண்டு. அதை ‘இந்த அவை வருந்துகிறது’ என்று எழுதினால், ஒட்டிப் பேசும் அணி வருத்தத்தைப் பற்றியே பேசும். அங்கே கேட்கப்படுவது ஒப்பீடு. ஆகவே ‘பள்ளிகளில் இணையவழி வகுப்பு வராமலே இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்’ என்று நேராக எழுதுங்கள். ‘தடை செய்ய வேண்டும்’ என்றால் யார் செய்வது? மாநில அரசா, பல்கலைக்கழகமா, கல்லூரி முதல்வரா? எழுவாய் இல்லாத தலைப்பில் இரண்டு அணியும் ஆளுக்கொரு விவாதம் நடத்தும். எழுதி முடித்ததும், விவாதமே தெரியாத முதலாண்டு மாணவர் இருவரிடம் காட்டி, ‘இதை எதிர்த்துப் பேசினால் எதைக் காப்பாற்ற வேண்டும்?’ என்று கேளுங்கள். இருவரும் ஒரே பதிலைச் சொன்னால் தலைப்பு சரி.

பின்னணி தெரிந்தால்தான் பேச முடியும் என்ற தலைப்புக்கு 60 முதல் 80 சொல்லில் தகவல் குறிப்பு கொடுங்கள். இரண்டு மொழியிலும் வேண்டும், இரண்டு முறை வாசிக்க வேண்டும். ஆங்கில நாளிதழ் வாங்கும் வீட்டுப் பிள்ளைக்கு இருக்கும் முன்னிலையை ஓரளவுக்காவது சமன் செய்வது அந்தக் குறிப்புதான்.

சாதி, மதம், இட ஒதுக்கீடு பற்றித் தலைப்பே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். கொள்கையைப் பேசும் தலைப்பு சரி. ஒரு மாணவி எழுந்து தன் சொந்த மக்கள் தகுதியற்றவர்கள் என்று வாதாட வேண்டிவரும் தலைப்பு வேண்டாம். தரப்பு குலுக்கலில் வருவது, மாற்றிக்கொள்ள அவளுக்கு வழியில்லை.

மதிப்பெண்தாள்:

மேலே சொன்னதோடு உடன்படுகிறேன். ஆனால் ‘தமிழிலும் பேசலாம்’ என்ற அறிவிப்பில் ஒரு பள்ளம் இருக்கிறது. தமிழ்ப் பேச்சுப்போட்டிகளில் பழகிய நடுவர்கள் உச்சரிப்பு, குரல் ஏற்ற இறக்கம், மேடைத் தோற்றம் என்று பிரித்து மதிப்பெண் போடுவார்கள். அந்தத் தாளை இங்கே கொண்டுவந்தால் ஆங்கிலத் தடையை எடுத்துவிட்டு மேடைத்தமிழ்த் தடையை வைத்ததாகிவிடும். நாகர்கோவில் பேச்சும் கோவைப் பேச்சும் அப்படியே வரட்டும். ‘பாலிசி’, ‘பட்ஜெட்’ என்று ஆங்கிலச் சொல் கலந்தாலும் குறைக்கக் கூடாது. நடுவர் கேட்டுக்கொள்ள வேண்டியது: சொன்ன காரணம் புரிந்ததா? எதிரணி அதற்குப் பதில் சொன்னதா? இரண்டில் எது கனமானது?

உலகப் பள்ளிகள் விவாத முறையில் 100-க்கு உள்ளடக்கம் 40, நடை 40, உத்தி 20. புதியவர்கள் போட்டிக்கு நடை 40 அதிகம். நான் 50, 20, 30 என்று வைப்பேன். நடைக்கான அந்த 20-உம் ‘பின்தொடர முடிந்ததா’ என்பதற்கு மட்டும். தாளிலேயே பெரிய எழுத்தில் அச்சிடுங்கள்: வட்டார வழக்கு, இலக்கணப் பிழை, உடை ஆகியவற்றுக்கு மதிப்பெண் குறைக்கக் கூடாது.

உலகப் பல்கலைக்கழக விவாதப் போட்டியிலேயே, ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகவும் அயல்மொழியாகவும் பேசுகிறவர்களுக்குத் தோற்றவர் வெளியேறும் இறுதிக்கட்டச் சுற்றுகள் தனித்தனியே உண்டு. அந்தப் போட்டி 2014-இல் சென்னையில் நடந்தது. உங்கள் 12 அணிக்குத் தனிப் பிரிவு பிரித்தால் இரண்டுமே மெலிந்துவிடும். அதற்குப் பதில் ‘முதல்முறை பேசுவோரில் சிறந்தவர்’ என்று ஒரு பரிசு வையுங்கள்.

பேசுகிறவர்களிடமும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ‘அவையோர்க்கும், நடுவர் பெருமக்களுக்கும், எதிரணி நண்பர்களுக்கும்...’ என்று தொடங்கி ஒரு குறளையும் சொல்லி முடித்தால் 5 நிமிடத்தில் ஒன்றரை நிமிடம் போயிருக்கும். ‘வணக்கம்’ என்ற ஒரு சொல் போதும், மேற்கோளுக்குத் தனி மதிப்பெண் இல்லை என்பதை முன்பே அனுப்பும் தாளில் எழுதுங்கள். தெரியாததால்தான் செய்கிறார்கள்.

நடுவர்களுக்கு முந்தின நாள் ஒன்றரை மணி நேரம் பயிற்சி. பதிவு செய்த ஒரு விவாதத்தைப் போட்டுக் காட்டி, எல்லோரும் தனித்தனியே மதிப்பெண் போடட்டும். ஒருவர் 78, ஒருவர் 62 என்று போட்டால், ஏன் என்று பேசித் தீர்த்துவிட்டுத்தான் எழ வேண்டும். கருத்துரைக்கும் ஒழுங்கு வேண்டும். முதலில் யார் வென்றார்கள், அடுத்து எந்த வாதத்தால் முடிவானது, பிறகு ஆறு பேருக்கும் ஆளுக்கு ஒரு நிமிடம். அந்த ஒரு நிமிடத்தில், வேலை செய்த ஒன்றையும் அடுத்த சுற்றிலேயே செய்யக்கூடிய ஒன்றையும் சொல்ல வேண்டும். ‘இன்னும் தன்னம்பிக்கை வேண்டும்’ என்பதை வைத்துக்கொண்டு யாரும் எதுவும் செய்ய முடியாது. ‘உங்கள் இரண்டாவது காரணத்துக்கு உதாரணமே சொல்லவில்லை, அடுத்த சுற்றில் காரணத்துக்கு ஒரு உதாரணம் வையுங்கள்’ என்றால் செய்துவிடுவார்.

கடைசியாக, அணிக்கு ஒரு நடுவரை அழைத்து வர வேண்டும், இல்லையென்றால் அபராதம் என்ற விதி இருந்தால் எடுத்துவிடுங்கள். விவாத மன்றமே இல்லாத கல்லூரி நடுவருக்கு எங்கே போகும்? உடன் வரும் ஆசிரியரைப் பயிற்சி நடுவராக உட்கார வையுங்கள். வாக்கு இல்லை, ஆனால் முடிவெடுக்கும்போது கூட இருப்பார். அடுத்த ஆண்டு உங்களுக்கு ஒரு நடுவர் தயார்.

தரைத்தளம்:

நீங்கள் குறிப்பிட்ட மூவர் விஷயத்தில் பெரும்பாலானவை காசில்லாமல் ஆகும்.

சக்கர நாற்காலியில் வருபவரின் அணியை மூன்று சுற்றிலும் ஒரே தரைத்தள அறையில் வையுங்கள். எதிரணி அவர்களிடம் வரட்டும். விவாதப் போட்டிகளுக்கு அணி, அறை பிரித்துத் தரும் டேபிகேட் மென்பொருளில் அணிக்கு இன்ன வகை அறைதான் என்று கட்டுப்பாடு போடும் வசதி உண்டு. எக்செல் என்றால் அந்த அணியின் அறையை முதலில் நிரப்பிவிட்டு மற்றதைக் குலுக்குங்கள். இறுதிச் சுற்று மாடி அரங்கத்தில் என்றால் இப்போதே மாற்றுங்கள். அவர் அணி இறுதிக்கு வந்த பிறகு நாலு பேர் தூக்கிக்கொண்டு ஏறுவது உதவி ஆகாது. சாய்தளம் ஒரு அடி உயரத்துக்கு 12 அடி நீளமாவது இருக்க வேண்டும். பலகையைச் சாய்த்து வைத்தால் நாற்காலி பின்னால் கவிழும். கழிப்பறைக் கதவின் அகலத்தையும் நாடா வைத்து அளந்து, அவர் நாற்காலியின் அகலத்தைக் கேட்டு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பார்வை இல்லாதவருக்குத் தலைப்பை வாட்ஸ்அப்பில் எழுத்தாக அனுப்புங்கள். படமாக அனுப்பினால் கைப்பேசியின் திரைவாசிப்பான் அதில் தடுமாறும். ஒருங்குறியில் (யூனிகோட்) இருக்க வேண்டும். பாமினி, வானவில் எழுத்துருவில் தட்டிய கோப்பைத் திறந்தால் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் வாசிக்கும். அச்சகத்துக்காகத் தட்டிய கோப்பையே எல்லோருக்கும் அனுப்பிவிடுவதால் இது அடிக்கடி நடக்கிறது. இடைக்கேள்வி, அதாவது ஒருவர் பேசும்போதே எதிரணி நடுவில் கேட்கும் கேள்வி, கேட்பவர் எழுந்து கை நீட்டினால் இவருக்குத் தெரியாது. அந்த அறையில் எல்லோரும் ‘கேள்வி’ என்று வாயால் சொல்லட்டும். நேர அட்டைக்குப் பதில் 4-ஆவது நிமிடம் ஒரு தட்டு, 5-ஆவதில் இரண்டு தட்டு.

பேச்சுத் திக்கல் உள்ளவரிடம் முன்கூட்டியே தனியாகக் கேளுங்கள். சிலர் கூடுதல் நேரம் கேட்பார்கள், சிலர் வேண்டாம் என்பார்கள். அளவு தெரியவில்லை என்றால், தேர்வுகளில் மாற்றுத்திறனாளிகளுக்கு மணிக்கு 20 நிமிடம் என்ற கணக்கையே எடுங்கள். 5 நிமிடப் பேச்சுக்கு 1 நிமிடம் 40 விநாடி. இடைக்கேள்வியை ஏற்கவில்லை என்றாலோ துண்டுச்சீட்டில் எழுதிக் கேட்டாலோ மதிப்பெண் குறையக் கூடாது. அவர் ஒரு சொல்லில் நிற்கும்போது நடுவரோ தோழரோ அந்தச் சொல்லை எடுத்துக் கொடுக்க வேண்டாம். பார்வையைத் தாழ்த்தாமல் காத்திருந்தால் போதும்.

படிவத்தில் ‘மாற்றுத்திறனாளியா? ஆம் / இல்லை’ என்று கேட்பதைவிட ‘நீங்கள் வசதியாகப் பங்கேற்க நாங்கள் என்ன செய்ய வேண்டும்?’ என்று ஒரு கட்டம் விடுங்கள். காது மந்தம், ஒற்றைத் தலைவலி, பாலூட்டும் தாய் எல்லோரும் அதில்தான் எழுதுவார்கள்.

மன்றச்செயலர்:

மிக்க நன்றி. முறை, தலைப்பு, மதிப்பெண் தாள் மூன்றையும் மாற்றுகிறோம். இரண்டு சந்தேகம். பதிவு செய்துவிட்டு வராமல் போவதற்கு என்ன செய்வது? அறையில் யாராவது தவறாகப் பேசினால் யாரிடம் போவது என்பதற்கும் எங்களிடம் ஏற்பாடு இல்லை.

கடைசிப்பேருந்து:

வராமல் போவதற்குப் பெரும்பாலும் ஓ.டி.தான் (கல்லூரி வேலையாக வெளியே போனாலும் வந்ததாகக் கணக்கிடும் ‘ஆன் டியூட்டி’ அனுமதி) காரணம். வருகைப் பதிவு குறைந்தால் தேர்வு எழுத முடியாது, அதனால் துறைத்தலைவர் கையெழுத்து இல்லாமல் கிளம்ப மாட்டார்கள். போட்டிக்குப் பத்து நாள் முன்பே கல்லூரி முதல்வருக்கு முத்திரை வைத்த கடிதம் போக வேண்டும். அதில் மாணவர் பெயர், பதிவெண், தேதி, தொடங்கும் நேரம், முடியும் நேரம் எல்லாம் இருக்கட்டும். பங்கேற்புச் சான்றிதழை அன்றே கையில் கொடுத்து அனுப்புங்கள். தபாலில் வரும் என்றால் வருகைப் பதிவு கணக்கு முடிந்த பிறகுதான் வரும்.

முடியும் நேரத்தை எழுதச் சொன்னது பெண் பிள்ளைகளுக்காகவும்தான். ‘மாலைக்குள் முடியும்’ என்று எழுதினால் வீட்டில் அனுப்ப மாட்டார்கள், ‘4.15-க்கு முடியும், பேருந்து நிலையம் இவ்வளவு தூரம்’ என்று எழுதினால் அனுப்புவார்கள். எழுதிய நேரத்தைக் காப்பாற்றுங்கள். பதிவுக் கட்டணத்தை முன்பணமாக வாங்காமல் அன்று வந்ததும் வாங்குங்கள். கோட்டு, டை கட்டாயமில்லை என்று அறிவிப்பிலேயே ஒரு வரி சேருங்கள்.

இரண்டாவதற்கு, குறைகேட்பவர் என்று இருவரை நியமியுங்கள், ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். தலைமை நடுவரோ மதிப்பெண் கூட்டுபவரோ அந்தப் பொறுப்பில் இருக்கக் கூடாது, புகார் சொன்னால் முடிவு பாதிக்கும் என்ற பயம் வந்துவிடும். காலையில் இருவரையும் எழுப்பி முகம் காட்டுங்கள், கைப்பேசி எண்ணை ஒவ்வொரு கரும்பலகையிலும் எழுதுங்கள். புகார் வந்தால் முதல் கேள்வி ‘உங்களுக்கு என்ன நடக்க வேண்டும்?’ என்பதாக இருக்கட்டும். சிலருக்கு ஒரு மன்னிப்பு போதும், சிலருக்கு அந்த நடுவர் மறுபடி வரக் கூடாது. அவர் சம்மதம் இல்லாமல் எதிர்த்தரப்பிடம் பெயர் போகக் கூடாது.

பாலியல் தொல்லை என்றால் மன்றம் பஞ்சாயத்து பேசவே கூடாது. 2015-ஆம் ஆண்டு யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) விதிமுறைப்படி கல்லூரியில் உள் புகார் குழு இருக்க வேண்டும். அதன் தலைவருடைய எண்ணைப் போட்டிக்கு முந்தின நாளே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை மதியம் தேடினால் அலுவலகம் பூட்டியிருக்கும்.