டெஸ்டோஸ்டிரோன் 262: ஊசி தொடங்கலாமா?

தூங்காதவன்:
வயது 38. சில மாதங்களாகப் பகலெல்லாம் சோர்வு. தாம்பத்திய நாட்டம் குறைந்துவிட்டது, காலையில் இயல்பாக வரும் விறைப்பும் அரிதாகிவிட்டது. தொப்பையும் போட்டிருக்கிறது. வேலை முடிந்து மாலையில் ரத்தம் கொடுத்தேன்: ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனின் மொத்த அளவு டெசிலிட்டருக்கு 262 நானோகிராம். உடற்பயிற்சிக் கூடத்து நண்பர், ஊசி போட்டால் சரியாகிவிடும் என்கிறார். தொடங்கலாமா?

சோதனைக்குழாய்:
மாலையில் எடுத்த அளவா? அதைத் தூக்கி ஓரமாக வையுங்கள். இந்த ஹார்மோன் காலையில் உச்சத்தில் இருக்கும், பொழுது ஏற ஏற இறங்கும், சாப்பிட்டாலும் இறங்கும். காலை 10 மணிக்குள் வெறும் வயிற்றில், வெவ்வேறு நாள்களில் இரண்டு முறை பாருங்கள். இரண்டும் 300க்குக் கீழே இருந்து, அறிகுறிகளும் இருந்தால்தான் குறைபாடு என்ற பேச்சே. காய்ச்சல் அடித்து ஓய்ந்த சமயத்தில் போகாதீர்கள். முடிக்காக பயோட்டின் மாத்திரை சாப்பிட்டால் முன்பே சொல்லிவிடுங்கள், சில கருவிகளில் அது முடிவையே மாற்றிவிடும்.

இருவர்அப்பா:
குழந்தை பெறும் எண்ணம் உண்டா? வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் வந்தால், மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி விரைக்கு அனுப்பும் சமிக்ஞையை நிறுத்திக்கொள்ளும். விந்தணு உற்பத்தி படுத்துவிடும், சிலருக்கு அறவே இல்லாமல் போகும். ஊசியை நிறுத்தினாலும் மீள மாதக்கணக்கில் ஆகலாம். கூடத்து நண்பர் இதைச் சொன்னாரா?

தூங்காதவன்:
சொல்லவில்லை. இரண்டாவது குழந்தைக்கு முயன்றுகொண்டிருக்கிறோம்! இன்னொன்று, தூக்கத்தில் பலமாகக் குறட்டை விடுகிறேனாம், நடுவே மூச்சு நின்று திணறுகிறேன் என்று மனைவி பயப்படுகிறாள்.

சோதனைக்குழாய்:
இதையல்லவா முதலில் எழுதியிருக்க வேண்டும். உறக்க மூச்சுத்தடை ஒன்றே இந்தச் சோர்வையும் நாட்டக் குறைவையும் தரும். அதைக் கவனிக்காமல் ஊசி போட்டால் மூச்சுத்தடை மோசமாகலாம். உறக்கப் பரிசோதனைக்குக் கேளுங்கள். உடல் பருமனில் ஹார்மோனைச் சுமக்கும் எஸ்ஹெச்பிஜி புரதம் குறைவதால் மொத்த அளவு குறைவாகத் தெரியும், ஆகவே புரதத்தில் ஒட்டாமல் இருக்கும் கட்டற்ற டெஸ்டோஸ்டிரோனையும் கணக்கிடச் சொல்லுங்கள். தைராய்டும் ஹீமோகுளோபினும் கூடவே.

மலையேறி:
எல்லாப் பழியையும் தொப்பை மேல் போட்டுவிடாதீர்கள். பிட்யூட்டரி சுரக்கும் எல்ஹெச் (விரையைத் தூண்டும் ஹார்மோன்), புரோலாக்டின் இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். எல்ஹெச் கூடியிருந்தால் கோளாறு விரையில், குறைந்திருந்தால் மேலே, பிட்யூட்டரிப் பக்கம். எனக்குப் புரோலாக்டின் எகிறியிருந்தது, ஸ்கேனில் பிட்யூட்டரியில் சிறு கட்டி. மாத்திரையிலேயே அடங்கியது, ஊசி தேவைப்படவில்லை. தலைவலி, ஓரப்பார்வை மங்கல் ஏதும் உண்டா?

தூங்காதவன்:
இரண்டும் இல்லை. வியாழன் காலை ரத்தம் கொடுக்கிறேன். நாளமில்லாச் சுரப்பி மருத்துவரிடமும் நேரம் வாங்கிவிட்டேன். முடிவு வந்ததும் எல்ஹெச் அளவை இங்கேயே போடுகிறேன்.