பழைய காரின் எஞ்சின் மலையேறும்போது கொதிக்கிறது: ஹெட்டைக் கழற்றும் முன் ஆலோசனை தேவை

வணக்கம். என்னிடம் 2003ஆம் ஆண்டு மாடல் பெட்ரோல் கார் ஒன்று உள்ளது. நகர நெரிசலில் நின்றால்கூட விசிறி ஒழுங்காகச் சுழன்று வெப்பமானி முள்ளைப் பாதியிலேயே நிறுத்திவிடுகிறது. ஆனால் சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும்போது, 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஆறேழு கடப்பதற்குள் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டுவிடுகிறது.

தெர்மோஸ்டாட்டையும் (எஞ்சின் சூடேறியதும் கூலன்ட்டை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் வால்வு) ரேடியேட்டர் மூடியையும் மாற்றியாயிற்று. கூலன்ட்டையும் நீரையும் சரிபாதியாகக் கலந்து, காற்றுக்குமிழ் முழுவதும் வெளியேறும்வரை எஞ்சினை ஓடவிட்டே நிரப்பினேன். (தெர்மோஸ்டாட்டையே கழற்றி எறியச் சொன்னவர்களும் உண்டு; அந்த வைத்தியத்தில் எனக்கு நம்பிக்கையில்லை.) நேற்று வண்டியை நிறுத்தியதும் தொட்டுப் பார்த்தேன். மேல் ஹோஸில் கை வைக்க முடியவில்லை. ரேடியேட்டரின் வலது கீழ்மூலையிலோ உள்ளங்கையை நிதானமாக வைத்திருக்க முடிந்தது.

ஹெட் காஸ்கெட் (எஞ்சின் பிளாக்குக்கும் அதன் மேலுள்ள ஹெட்டுக்கும் இடையிலுள்ள அடைப்புத் தகடு) போயிருக்கும் என்கிறார் மெக்கானிக். ஆனால் ஆயில் பால்போல் வெளுக்கவில்லை, வெண்புகையும் இல்லை, காலையில் குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பியவுடன் ஹோஸ் விறைப்பதும் இல்லை. எனவே ரேடியேட்டர் குழாய்களில் உப்புப் படிந்து அடைத்திருக்கலாம், அல்லது வாட்டர் பம்பின் இறக்கைகள் அரித்திருக்கலாம் என்பது என் ஊகம். பல ஆண்டுகள் போர்வெல் தண்ணீரையே ஊற்றி ஓட்டிய தவறு என்னுடையதுதான்.

பம்பைக் கழற்றாமலே நீரோட்டத்தைச் சோதிக்க வழியுண்டா? அலுமினிய ரேடியேட்டர் என்பதால், பழைய செம்பு ரேடியேட்டரைப் போலத் திறந்து கம்பி விட்டுச் சுத்தம் செய்வது எளிதன்று. ரசாயனம் விட்டுக் கழுவினால் பயன் இருக்குமா, புதிதாக மாற்றுவதே மேலா? அனுபவமுள்ளவர்கள் தெரிவித்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.