உதவி: நீண்ட டேனிஷ் கூட்டுச்சொற்களில் அழுத்தம் எங்கே விழுகிறது?

யூலாந்து_செவிலி
வணக்கம் உறவுகளே. டென்மார்க்கில் முதியோர் பராமரிப்பில் வேலை செய்கிறேன். மொழித் தேர்வுக்கு ஐந்து வாரமே இருக்கிறது. கூட்டுச்சொல்லில் முதல் பகுதியை அழுத்த வேண்டும் என்று வகுப்பில் சொன்னார்கள். அதன்படி ‘உனிவெர்சிட்டேட்ஸ்ஹொஸ்பிட்டால்’ என்பதில் ‘உ’வை அழுத்தினேன். மூன்று முறை சொல்லியும் ஆசிரியைக்கு விளங்கவில்லை. ‘சூயஹூஸ்’ என்றால் உடனே விளங்குகிறது. இரண்டும் மருத்துவமனைதானே? கை தட்டி அசைகளை எண்ணியும் பார்த்துவிட்டேன். எங்கே பிழை விடுகிறேன்?

ஓடென்சே_வாசி
சகோதரி, விதி சரிதான். அழுத்தம் முதல் சொல்லுக்கு. முதல் அசைக்கு அல்ல. அந்த முதல் சொல்லைத் தனியாகச் சொல்லும்போது அழுத்தம் எங்கே விழுமோ, கூட்டுச்சொல்லிலும் அங்கேதான் விழும்.

‘சூய’ டேனிஷின் சொந்தச் சொல். அழுத்தம் முன்னாலேயே நிற்கும். ‘உனிவெர்சிட்டேட்’ லத்தீன் வழி வந்தது. அழுத்தம் கடைசி ‘டேட்’டில். ஆகவே ‘உனிவெர்சி’யை வேகமாக ஓடவிட்டு ‘டேட்’டில் ஊன்றுங்கள். பிறகு ‘டால்’ மேல் மெல்லிய இரண்டாம் அழுத்தம். ஸ்டாஷோன் (station, நிலையம்), நட்டூர் (இயற்கை), குல்ட்டூர் (பண்பாடு) எல்லாம் இதே கதை. ‘ஸ்டாஷோன்’ இரண்டே அசை. எழுத்தைப் பார்த்து ‘டி-ஓன்’ என்று மூன்றாக்கிவிடாதீர்கள்.

முதல் சொல் முடியும் இடத்தைப் பல சொற்களில் நடுவில் வரும் ‘ஸ்’ காட்டிக்கொடுக்கும். ‘தமிழ்ச் சங்கம்’ என்பதில் நாம் ‘ச்’ போடுகிறோமே, அதைப் போன்ற ஓர் ஒட்டு. ‘ஷோன்’, ‘டேட்’ என முடியும் சொற்களுக்குப் பின்னால் அது தவறாமல் வரும்.

யூலாந்து_செவிலி
மிக்க நன்றி அண்ணா! அப்படியானால் நகராட்சி மன்றத்தைக் குறிக்கும் ‘கொமுனால்பெஸ்டூரெல்ஸ’? ‘நால்’ முதலாவது, ‘பெ’ இரண்டாவதா?

ஒலியியல்_மாணவி
‘நால்’ மிகச் சரி. ‘பெ’ வெறும் முன்னொட்டு, அழுத்தம் ஏற்காது. அதைத் தாண்டி ‘ஸ்டூ’வில் ஊன்றுங்கள்.

டேனிஷின் மிக நீண்ட சொற்களுள் ஒன்றாகக் காட்டப்படும் 51 எழுத்துச் சொல்லையும் இப்படியே வெட்டலாம்: ஸ்பெசியால் – லேய – பிராக்ஸிஸ் – பிளான்லெக்னிங்ஸ் – ஸ்டாபிலிசேரிங்ஸ் – பெரியோத. சிறப்பு மருத்துவர்களின் சிகிச்சையகத் திட்டமிடலை நிலைப்படுத்தும் காலம் என்று பொருள். தலைமை அழுத்தம் முதல் துண்டின் ‘ஆல்’ மேல். ‘ஸ்டாபிலிசேரிங்’கில் ‘சே’யும் ‘பெரியோத’வில் ‘யோ’வும் தலை தூக்கும்.

எனக்கு மிகவும் பிடித்தது ‘ப்ரொஃபெஸொர்’. ஒருமையில் அழுத்தம் ‘ஃபெ’யில், பன்மையில் ‘ப்ரொஃபெஸோரர்’ ஆனதும் ‘ஸோ’வுக்கு நகர்ந்துவிடும். லத்தீனிலும் அழுத்தம் அப்படியே நகர்ந்தது. இத்தனை நூற்றாண்டு கடந்தும் அந்தப் பழக்கம் இந்தச் சொல்லோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது!

‘டென் டான்ஸ்க ஓர்போ’ இணைய அகராதியில் பல சொற்களுக்கு ஒலிப்பதிவு உண்டு. ஒலிக்குறியில் மேலே நிற்கும் சிறுகோடு முதன்மை அழுத்தம். கீழே நிற்பது துணை அழுத்தம்.

யூலாந்து_செவிலி
இப்போது கணவரிடம் ‘டேட்’டை ஊன்றிச் சொல்லிப் பார்த்தேன், அவர் வேலையிடத்தில் கேட்பது போலவே இருக்கிறதாம். ‘கொமுனால்பெஸ்டூரெல்ஸ’வில் மட்டும் நாக்கு இன்னும் ‘பெ’யில் நின்றுவிடுகிறது. இன்றிரவு பதிந்து போடுகிறேன், கேட்டுத் திருத்துங்கள்.