லிங்கராஜபுரத்து ஹெரால்டு: எடுக்கலாமா, காயலான் கடைக்கு விடலாமா?

அல்சூர், பெங்களூரு

எங்கள் தெரு அயர்ன்காரர் சொல்லித்தான் தெரியும். லிங்கராஜபுரத்தில் ஒரு பழைய காம்பவுண்டு வீட்டில், பலாமரத்தடியில், கூரை இல்லாத கார் ஒன்று இருபது வருஷமாக நிற்கிறது, யாராவது கேட்டால் அந்த அம்மா கொடுத்துவிடுவார் என்றார். ஞாயிற்றுக்கிழமை காலை, காபியைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

தார்ப்பாயை விலக்கினால் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. 1966 மாடல், இரண்டு கதவு, மைசூர் மாநிலக் காலத்து எம்.ஒய். நம்பர். இங்கிலாந்தின் ட்ரையம்ப் ஹெரால்டைத்தான் 1961 முதல் நம் பெருங்களத்தூர் பக்கத்தில் இந்தப் பெயரில் செய்தார்கள், அதனால் ஊர்க்காரனைப் பார்த்த பாசம் வேறு சேர்ந்துகொண்டது. போதாததற்குத் திறந்த கார். சீட்டில் பலா இலை மக்கிக் கிடக்கிறது, டாஷ்போர்டில் எறும்புப் புற்று, ஆனாலும் என் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் நந்தி மலை ரோட்டில் காற்று முகத்தில் அடிக்க நான் போவதுதான்.

"ஐம்பதாயிரம் குடு தம்பி. காயலான் கடைக்காரன் எடைக்குப் போடுங்கறான், எனக்கு மனசு வரல" என்றார் அந்த அம்மா. கணவர் தவறிய பிறகு யாரும் எடுக்கவில்லையாம். நான் பர்ஸைத் தொடாமல் வந்ததே பெரிய விஷயம். இறுகிப்போன எஞ்சின் இளகட்டும் என்று நான்கு பிளக்கையும் கழற்றி ஓட்டைகளில் கொஞ்சம் டீசல் ஊற்றிவிட்டு, ஒரு வாரம் டைம் கேட்டேன்.

அடுத்த ஞாயிறு சிவாஜிநகர் டிங்கர் பாயைக் கூட்டிக்கொண்டு போனேன். முன்பக்க புல்லியின் நட்டில் ஸ்பேனரைப் போட்டு இழுத்தால் எஞ்சின் மெதுவாகச் சுற்றுகிறது! நான் குதிக்காத குறை. பாய் பீடியைக் கூட எடுக்கவில்லை வாயிலிருந்து. "எஞ்சின் சுத்துதுன்னு வண்டி வாங்காதீங்க சார். 948 சிசிதானே, பிடிச்சுக்கிட்டிருந்தாலும் லேத்துல குடுத்து சிலிண்டரைக் குடைஞ்சு சரி பண்ணிக்கலாம். கீழ படுங்க."

படுத்தேன். ஹெரால்டில் மற்ற பல கார்களைப் போல இல்லாமல் சேசிஸ் தனி, உடம்பு தனி. நடுவில் இரண்டு நீளமான இரும்புச் சட்டங்கள், அவற்றிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகள், அவுட்ரிக்கர் என்பார்கள், அந்தக் கைகளின் மேல்தான் பாடி உட்கார்ந்திருக்கும். பாய் ஸ்க்ரூடிரைவரால் இடதுபக்கக் கையைக் குத்தினார். அப்பளத்தில் விரல் போன மாதிரி உள்ளே போனது. அடுத்ததிலும் அப்படியே. நடுச்சட்டத்துக்கு வந்தார், பத்துப் பன்னிரண்டு இடத்தில் சுத்தியலால் தட்டினார், கணீர் கணீர் என்றது. "இது போயிருந்தா நான் வீட்டுக்குப் போயிருப்பேன். கையை வெட்டிப் புதுசா செஞ்சு வெல்டு வெச்சிடலாம்" என்றார். அந்த "கணீர்"தான் அன்றைய பரிசோதனையில் பாதி.

பாடிக்கு நான் வீட்டு ஃப்ரிட்ஜிலிருந்து ஒரு காந்தம் எடுத்துப் போயிருந்தேன். கர்ச்சீப்பில் சுற்றி வைத்துப் பார்க்க வேண்டும், இல்லையென்றால் இருக்கும் பெயிண்டிலும் கீறல் விழும். பானெட்டில் ஒட்டியது, கதவில் ஒட்டியது, கதவுக்குக் கீழே வைத்தால் பொத்தென்று விழுந்தது. அங்கே தகரமே இல்லை, முழுக்கப் பட்டி. விரல் தடிமனுக்குப் பட்டி போட்டு மெருகேற்றிய அந்தக் கைக்கு ஒரு கும்பிடு.

அப்புறம் முன் சக்கரம். இடது சக்கரம் லேசாகச் சாய்ந்து நின்றது. சக்கரத்தைத் தாங்கும் எஃகுத் தண்டு கீழே ட்ரனியன் என்ற வெண்கலப் பாகத்தில் மரையாகத் திருகியிருக்கும், ஸ்டியரிங்கைத் திருப்பும்போது அந்த மரைதான் சுழலும். அதற்குக் கியர் ஆயில் விட வேண்டும். நம் ஆட்கள் கிரீஸ் கன்னைப் பார்த்தால் எல்லாவற்றுக்கும் கிரீஸ்தான் அடிப்பார்கள். கிரீஸ் காய்ந்து, உள்ளே துரு பிடித்து, ஒரு நாள் தண்டு முறிந்து சக்கரம் மடங்கிவிடும். இந்த வண்டியில் கிரீஸ் கல்லாகக் கிடந்தது. இரண்டு பக்கமும் மாற்றாமல் கேட்டைத் தாண்டக் கூடாது.

வீட்டுக்கு வந்து பேப்பரில் எழுதிப் பார்த்தேன். டிங்கரிங், வெல்டிங் 1.6 லட்சம், எஞ்சின் 70,000, பெயிண்ட் 90,000, சீட், ஒயரிங், டயர், ஜே.சி. ரோட்டில் கிடைக்காத சாமான்களை வெளியூரிலிருந்து வரவழைப்பது என்று மூன்றரை லட்சத்தைத் தாண்டியது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். இதில் மடக்கும் கூரையைச் சேர்க்கவில்லை, ஏனென்றால் அதைப் பற்றித்தான் எனக்குச் சந்தேகம். ரெக்ஸினை எலி தின்றுவிட்டது, அது பரவாயில்லை. ஆனால் அதைத் தாங்கும் கம்பி, வாட்டர் பைப்பை வளைத்துச் செய்த மாதிரி இருக்கிறது. கம்பெனி செய்தது மாதிரி தெரியவில்லை. யாருக்காவது அனுபவம் உண்டா?

மாட்டுங்கா, மும்பை

முன்கண்ணாடி ஃபிரேமின் மேல் விளிம்பில் ரப்பரைத் தூக்கிப் பாருங்கள். வரிசையாக போல்ட் ஓட்டை இருந்தால் அது அநேகமாகக் கூரை உள்ள காராகப் பிறந்தது, பிறகு யாரோ கழற்றியிருக்கிறார்கள். ஹெரால்டின் கூரை போல்ட் போட்டு இறுக்கியது, தனியாகக் கழன்று வரும். அதனால் பலர் இந்த வேலையைச் செய்திருக்கிறார்கள்.

உங்கள் அதிர்ஷ்டம், அடியில் தனி சேசிஸ் இருக்கிறது. நான் ஏமாந்தது ஒரு பிரீமியர் பத்மினி காரில். கல்யாண ஊர்வலத்துக்கு விடுவதற்காகக் கூரையை அறுத்த வண்டி. பத்மினிக்குத் தனி சேசிஸ் கிடையாது, உடம்பேதான் எலும்பு, கூரையும் அதில் சேர்த்தி. பார்க்க ஜோராக இருந்தது, வாங்கிவிட்டேன். பஞ்சர் போட ஜாக்கி வைத்துத் தூக்கினேன், உள்ளே இருந்த என் மாமியாரால் கதவைத் திறக்க முடியவில்லை. நடுவில் தொய்ந்து கதவு கவ்விக்கொண்டது. அவரை ஜன்னல் வழியாக இறக்கினோம், இன்றுவரை என்னோடு சரியாகப் பேசுவதில்லை. கூரையறுத்த வண்டி எதுவானாலும் பணம் கொடுப்பதற்கு முன் ஜாக்கி வைத்துத் தூக்கி, கதவைத் திறந்து மூடிப் பாருங்கள்.

கரோல் பாக், டெல்லி

துருவைப் பார்க்கிறீர்கள், ஆர்.சி. புக்கைப் பார்த்தீர்களா? இங்கே 15 வருஷ பெட்ரோல் வண்டி என்றாலே தலைவலி என்பதால் எனக்கு முதலில் அதுதான் தோன்றும். 2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டிய கார், பைக்குகளை வின்டேஜ் என்று பதியலாம். நம்பரில் வி.ஏ. என்ற எழுத்து வரும், புதிதாகப் பதிய 20,000 ரூபாய், பத்து வருஷத்துக்குச் செல்லும். ஆனால் தினம் ஆபீஸுக்கு ஓட்ட முடியாது, கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போட, ரிப்பேருக்கு என்றுதான் எடுக்கலாம். சேசிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் செய்திருக்கவும் கூடாது. கூரையைக் கழற்றியிருந்தால் யோசியுங்கள். இறந்தவர் பெயரில் இருக்கும் வண்டி என்றால் வாரிசு பெயருக்கு மாற்றிவிட்டுத்தான் உங்கள் பெயருக்கு வரும், அந்த அம்மாவிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.

அல்சூர், பெங்களூரு

இருவருக்கும் நன்றி. நேற்றுப் போய் ரப்பரைத் தூக்கினேன். ஓட்டைகள் இருந்தன, துருப்பிடித்து, வரிசையாக. ஆர்.சி. புக்கை அந்த அம்மா பீரோவிலிருந்து எடுத்துக் கொடுத்தார், பிளாஸ்டிக் கவரில் பத்திரமாக இருந்தது, அதிலும் சலூன், அதாவது கூரை உள்ள கார், என்றே போட்டிருக்கிறது. திறந்த கார் ஆசை அங்கேயே முடிந்தது. கொஞ்ச நேரம் பலாமரத்தடியில் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

"கூரை இருந்துச்சாம்மா இதுக்கு?" என்று கேட்டேன்.

"அதுக்கென்ன, இருக்கே! நந்தி மலைக்குப் போகணும்னு அவர்தான் கழட்டினார். பின்னாடி வந்து பாரு."

வீட்டுக்குப் பின்னால் கோழிக்கூண்டு. அதன் மேல் குப்புறக் கவிழ்த்து, ஹெரால்டின் கூரை. மழைக்குத் தாங்கட்டும் என்று மனுஷன் மேலே தார் வேறு பூசியிருக்கிறார், அதனால் தகரம் அப்படியே இருக்கிறது. தாரை ஓரத்தில் சுரண்டினேன், அடியில் காரின் அதே வெளிர்நீலம்.

எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். சலூனாகவே, பிறந்தபடியே. அந்த அம்மாவின் மகன் துபாயிலிருந்து வந்ததும் வாரிசு மாற்றத்துக்குக் கையெழுத்துப் போடுவதாகச் சொல்லியிருக்கிறார், அதுவரை கார் அங்கேயே நிற்கட்டும். அந்த அம்மாவுக்கு ஒரே கவலை: "கூரையை எடுத்துட்டா கோழிங்க எங்க போகும் தம்பி?"

இன்று காலை இரண்டு ஷீட் தகரம் வாங்கிப் போட்டுவிட்டு வந்தேன். ஹெரால்டு கணக்கில் முதல் செலவு, 1,450 ரூபாய், ஆட்டோ வாடகை தனி.