‘அம்மம்மா வளவு’ குழுவில் சுரங்க ரயில்

சனி, காலை 6.35

கோபி (ஸ்காபரோ, கனடா): எல்லாருக்கும் வணக்கம். இங்கே வெள்ளி இரவு 9 மணி தாண்டிவிட்டது. முக்கியமான விஷயம் ஒன்று. முழுவதையும் வாசித்துவிட்டுப் பதில் போடுங்கள்.

ரூபன்: முழுவதையுமா 😟

கோபி: நான் பார்த்து வைத்த வீட்டுக்காரர் விலைக்கு இறங்கி வருகிறார். பத்து நாளில் டவுன் பேமென்ட் காட்ட வேண்டும். அதுதான் பின்வளவு 12 பேர்ச் காணியை விற்பது பற்றிக் கேட்கிறேன். அம்மாவுக்கு என்று அம்மம்மா தன் வாயால் சொன்ன துண்டு.

சின்னம்மா: காலை வணக்கம் 🌺 வைகாசிச் சடங்குக்கு வீட்டுக்கு 5000. வனிதாவிடம் கொடுக்கவும்.

வனிதா அக்கா: எந்தப் பின்வளவு?

கோபி: கிணற்றுக்கு அங்கால் பக்கம் அக்கா.

வனிதா அக்கா: கிணற்றுக்கு அங்கால் மதில்தான் இருக்கிறது.

ரூபன்: 😂😂

தர்ஷி: ஏன் அண்ணா இவ்வளவு அவசரம்? வீடு ஓடிப்போகுமா?

கோபி: வீடு ஓடாது தர்ஷி, ரயில் ஓடப்போகிறது. முதலில் இருந்து சொல்கிறேன். ஸ்காபரோவில் சுரங்க ரயில் கென்னடி ஸ்டேஷனோடு சரி. 1980 இல் அங்கே வந்து நின்றது, நின்றதுதான். அங்கிருந்து உள்ளே போக 1985 இல் ஒரு சின்ன ரயில் விட்டார்கள், ஆறு ஸ்டேஷன். பனி கொட்டினால் அது படுத்துவிடும். 2023 யூலை 24 ஆம் திகதி கடைசிப் பெட்டி கழன்று தடம் புரண்டது. பிறகு திறக்கவே இல்லை, இப்போது பஸ்தான். அதற்குப் பதிலாகக் கென்னடியில் இருந்து 7.8 கிலோமீற்றர் நிலத்துக்குக் கீழே நீட்டுகிறார்கள். மூன்று ஸ்டேஷன். லோரன்ஸ், ஸ்காபரோ சென்டர், கடைசியாக ஷெப்பர்ட். மூன்றுமே மக்கவன் வீதிப் பக்கம். நான் சொல்கிற வீட்டில் இருந்து ஷெப்பர்ட் ஸ்டேஷன் எட்டு நிமிட நடை.

சிவா மாமா: எப்போது திறக்கிறார்கள்?

கோபி: வேலை நடக்கிறது மாமா.

சிவா மாமா: நான் கேட்டது அதுவல்ல.

கோபி: 2019 இல் அறிவித்தபோது 2029 – 2030 என்றார்கள்.

சிவா மாமா: ம்.

சிவா மாமா: அதற்கு முதல்?

கோபி: அதற்கு முதல் பெரிய கதை மாமா. ஏழு தரிப்பிடத்தோடு, நிலத்துக்கு மேலே ஓடுகிற இலகு ரயில் என்றுதான் தொடங்கியது. 2010 இல் ரொப் போர்ட் மேயராக வந்தார், சுரங்க ரயில்தான் வேண்டும் என்றார். 2012 இல் மாநகர சபை திரும்பவும் இலகு ரயில் என்றது. அடுத்த வருடமே மாற்றி மூன்று ஸ்டேஷன் சுரங்க ரயில். 2016 இல் ஒரே ஒரு ஸ்டேஷன். 2019 இல் மாகாண அரசு கையில் எடுத்து மறுபடி மூன்று ஆக்கியது, 5.5 பில்லியன் டொலர் என்று சொன்னார்கள். அந்த மாகாண முதல்வர் டக் போர்ட், முதலில் சொன்ன மேயரின் அண்ணன்.

ரூபன்: ஏழு, மூன்று, ஒன்று, மூன்று. தாயம் உருட்டினார்களா?

தர்ஷி: ரூபனின் கல்யாண மண்டபம் மாதிரி.

சின்னம்மா: மண்டபம் மாற்றியது நான் இல்லை.

வனிதா அக்கா: யாரும் அப்படிச் சொல்லவில்லையே சின்னம்மா.

சின்னம்மா: சொல்லாவிட்டாலும் எனக்கு விளங்கும்.

கோபி: நான் சொல்வது என்னவென்றால், இப்போது அது வெறும் பேச்சு இல்லை. 2023 ஜனவரியில் துளைக்கிற இயந்திரம் ஷெப்பர்ட் பக்கம் இருந்து இறங்கிவிட்டது. டிகி ஸ்கார்டஸ்ட் என்று பெயர் கூட வைத்திருக்கிறார்கள். கிட்டத்தட்ட 11 மீற்றர் அகலம். போகிற தண்டவாளம், வருகிற தண்டவாளம் இரண்டும் ஒரே குழாய்க்குள்.

சின்னம்மா: அவ்வளவு ஆழத்தில் தண்ணீர் ஊறாதா? இங்கே ஆறு அடி தோண்டினால் கிணறு.

கோபி: ஊறும் சின்னம்மா. அதனால்தான் சும்மா தோண்டிக்கொண்டு போக முடியாது. முன்னால் பெரிய தட்டு சுற்றி மண்ணை அரைக்கும், மண் பின்னால் போகும். மெஷின் நகர நகர அதன் வாலில் வளைந்த கொங்கிறீட் துண்டுகளை வட்டமாகப் பூட்டுவார்கள். கிணற்றுக்கு வளையம் இறக்குவோமே, அதேதான். ஆனால் கிடையாக.

சின்னம்மா: அப்போ படுத்த கிணறு.

ரூபன் குழுவின் பெயரை ‘படுத்த கிணறு’ என்று மாற்றினார்

சிவா மாமா: மட்டக்களப்புக்கு ரயில் வந்தது 1928 இல். நான் வேலையில் சேர்ந்த அன்று கல்முனைக்கு நீட்டப்போகிறார்கள் என்று ஒருவர் சொன்னார். பென்ஷன் எடுத்த அன்றும் ஒருவர் சொன்னார். உதய தேவி இன்றும் இங்கே வந்துதான் திரும்புகிறது.

சிவா மாமா: அந்தப் பேச்சை நம்பித்தான் உன் அப்பா கல்முனைக்குப் போகிற வழியில் களுவாஞ்சிகுடியில் காணி வாங்கினார்.

கோபி: அப்பாவை ஏன் இழுக்கிறீர்கள் மாமா.

சிவா மாமா: ஸ்டேஷன் இதில்தான் வரும் என்று எனக்குக் கையால் காட்டினார் மனே. இப்போது அதில் மாடு நிற்கிறது.

தர்ஷி: அந்த மாட்டுக்காரரிடம்தான் நாங்கள் தயிர் வாங்குகிறோம். நல்ல தயிர்.

வனிதா அக்கா: எனக்கு ஒரு சட்டி எடுத்து வை.

கோபி: இங்கே குழி தோண்டியாயிற்று மாமா. அதுவும் இதுவும் ஒன்றல்ல.

வனிதா அக்கா: கோபி, நான் நேராகவே சொல்கிறேன். நம்முடைய ஊரில் வளவு பெண்பிள்ளைகளுக்கு. அம்மம்மாவிடம் இருந்து அம்மாவுக்கு, அம்மாவிடம் இருந்து எனக்கு. 2013 இல் கல்லடிப் புதுப்பாலம் திறந்த கையோடு இரண்டு தரகர் படலைக்கு வந்தார்கள். அம்மம்மா விளக்குமாற்றோடு போனா. நீ அப்போது கனடாவில்.

கோபி: நான் பதினெட்டு வருடமாகப் பஸ்ஸுக்கு நிற்கிறேன் அக்கா. வேலைக்குப் போக ஒன்றரை மணித்தியாலம், வர ஒன்றரை. மைனஸ் 20 இல் கையுறையைக் கழற்றிப் போனைப் பார்த்தால் பஸ் 4 நிமிடத்தில் என்று காட்டும். திரும்பப் பார்த்தால் 11 என்று காட்டும். விரல் மரத்துப் போய் ஸ்கிரீன் தொடுவதே தெரியாது.

(பதில் இல்லை)

வனிதா அக்கா: சாப்பிட்டாயா?

கோபி: இன்னும் இல்லை.

வனிதா அக்கா: முதலில் சாப்பிடு.

தர்ஷி: சரி, காணி உறுதிப் பத்திரம் யாரிடம் இருக்கிறது?

சிவா மாமா: 2004 இல் கடல் கொண்டுபோனது. பிரதியை நான்தான் அலைந்து எடுத்தேன். அந்தச் செலவு 1850 ரூபாய் இன்னும் வரவில்லை.

ரூபன்: வந்துவிட்டது 1850 😂

சிவா மாமா: சிரிக்காதே, பஸ் காசு அதில் சேர்க்கவில்லை.

வனிதா அக்கா: பிரதி என் அலுமாரியில் இல்லை.

சின்னம்மா: என்னிடமும் இல்லை. என்னைப் பார்க்கவேண்டாம்.

கோபி: எனக்குப் பதிலாகக் கையெழுத்து வைக்க அற்றோணித் தத்துவம் எழுதி அனுப்புகிறேன். மாமா பார்த்துச் செய்யட்டும்.

சிவா மாமா: முதலில் பங்கு பிரிக்க வேண்டும் மனே. அதற்கு சின்னம்மா, வனிதா, நீ, லண்டனில் இருக்கிற மூத்தவன், எல்லாரும் கையெழுத்து வைக்க வேண்டும். 1850 ஐ யார் தருவது என்பது அதற்குப் பிறகு.

ரூபன்: பெரியண்ணா இந்தக் குழுவில் இருக்கிறாரா?

தர்ஷி: இருக்கிறார். நீல டிக் விழுகிறது.

வனிதா அக்கா: மூன்று வருடமாக விழுகிறது.

சிவா மாமா குழுவின் பெயரை ‘அம்மம்மா வளவு’ என்று மாற்றினார்

தர்ஷி: நாளை பின்னேரம் 4 மணிக்கு எல்லாரும் அக்கா வீட்டில் கூடலாமா? கோபி அண்ணா வீடியோவில் வரட்டும்.

கோபி: அப்போது இங்கே காலை 6.30. பரவாயில்லை, வருகிறேன்.

வனிதா அக்கா: நாளை கோயிலில் சடங்கு வேலை. பார்ப்போம். தயிரைக் கொண்டு வா.

பெரியண்ணா (லண்டன்): இந்தச் செய்தி நீக்கப்பட்டது

ரூபன்: 😳

கோபி: அண்ணா?

சின்னம்மா: 5000 இதுவரை சிவா அண்ணா மட்டும்தான் கொடுத்திருக்கிறார்.