16 மெகாஹெர்ட்ஸில் 115200: மாற்ற வேண்டியது கிரிஸ்டலா, கணக்கா?

மின்மினி:
எல்லோருக்கும் வணக்கம். மாடித் தொட்டியின் நீர்மட்டத்தையும் மோட்டார் இழுக்கும் மின்னோட்டத்தையும் பதிவு செய்ய ஒரு பலகை செய்திருக்கிறேன். ஏடிமெகா328பி மைக்ரோகண்ட்ரோலர், அதற்குக் கடிகாரத் துடிப்பு தர 16 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல். அர்டுயினோ நூலகம் இல்லை, நேராக சி-யில் எழுதியது. பாட் ரேட் (சீரியல் வயரில் வினாடிக்கு எத்தனை பிட் என்ற வேகம்) ரெஜிஸ்டருக்கு டேட்டாஷீட் சூத்திரத்தையே போட்டேன்: கடிகாரம் ÷ 16 ÷ பாட் − 1. 9600-இல் சுத்தமாக ஓடுகிறது. 115200 வைத்தால் குப்பை. ஆனால் கண்டபடி வரும் குப்பை இல்லை. ஆங்கில 'ஏ' எழுத்தை, அதாவது ஹெக்ஸ் 41-ஐ அனுப்பினால் ஒவ்வொரு தடவையும் ஹெக்ஸ் ஏ1 வருகிறது. கணினிப் பக்கம் யூஎஸ்பி அடாப்டர், எஃப்டி232ஆர் சிப். வயர் மாற்றிப் பார்த்தேன், கிரவுண்டும் சரி. எங்கே தப்பு?

அலைவடிவம்:
ஒரே மாதிரி தப்பு வந்தால் சந்தேகம் நேரத்தின் மேல்தான் போக வேண்டும். ஒரு சோதனை செய்யுங்கள். பெரிய 'யூ' எழுத்தை, ஹெக்ஸ் 55-ஐ, ஒன்றே ஒன்று அனுப்பி லாஜிக் அனலைசரில் (வயரில் பிட் மாறும் நேரத்தை அளக்கும் கருவி) பிடியுங்கள். அதன் பிட்டுகள் ஒன்று விட்டு ஒன்று மாறும். எழுத்தின் தொடக்கத்தைக் காட்டும் ஸ்டார்ட் பிட் விழும் விளிம்பிலிருந்து கடைசியாக ஏறும் விளிம்பு வரை சரியாக 9 பிட். 115200 என்றால் 78.1 மைக்ரோவினாடி வர வேண்டும். உங்களுக்கு 72 வரும் என்று நினைக்கிறேன்.

காரணம் சி மொழியின் முழு எண் வகுத்தல். 16000000 ÷ 16 ÷ 115200 = 8.68. சி அந்த .68-ஐ வெட்டி எறிந்துவிடும். மீதி 8, அதில் ஒன்று கழித்து 7. ரெஜிஸ்டரில் 7 இருந்தால் நிஜ வேகம் 125000, அதாவது 8.5 சதவீதம் கூடுதல். 9600-க்கு 104.17 வருவதால் வெட்டினாலும் நஷ்டமில்லை, அதனால்தான் அங்கே இந்தத் தப்பு தெரியவில்லை.

ஏ1 எப்படி வந்தது என்றும் சொல்கிறேன். உங்கள் சிப் ஒரு பிட்டை 8 மைக்ரோவினாடியில் முடிக்கிறது. கணினியோ 8.68-க்கு ஒரு தடவை எட்டிப்பார்க்கிறது. முதல் ஐந்து டேட்டா பிட் எப்படியோ தப்பிவிடும். ஆறாவதைப் பார்க்கும் நேரம் 56.4 மைக்ரோவினாடி. அந்த பிட் 56-லேயே முடிந்துவிட்டது, எனவே கணினி ஏழாவதைப் படிக்கிறது. ஏழாவது என்று எடுத்துக்கொள்வது எட்டாவது. எட்டாவது என்று நினைப்பது எழுத்தின் முடிவைக் காட்டும் ஸ்டாப் பிட், அது எப்போதும் 1. 41-ஐ இப்படி நகர்த்திப் பாருங்கள், ஏ1 தான் வரும்.

வகுக்கும் முன் வகுக்கும் எண்ணில் பாதியைக் கூட்டுங்கள்: (கடிகாரம் + 8 × பாட்) ÷ (16 × பாட்) − 1.

மின்மினி:
அளந்தேன். 72.0, அப்படியே. நன்றி!

சூத்திரத்தைத் திருத்தியதும் ரெஜிஸ்டரில் 8 வந்தது, அளவு 81.0 மைக்ரோவினாடி. அதாவது 111111, 3.5 சதவீதம் குறைவு. பெரும்பாலும் சரியாக வருகிறது, நடுநடுவே ஒரு எழுத்து கெடுகிறது. அப்புறம் வேகத்தை இரட்டிப்பாக்கும் யூ2எக்ஸ் பிட்டை ஏற்றி 16-க்குப் பதில் 8-ஆல் வகுத்தேன். ரெஜிஸ்டரில் 16, அளவு 76.5, வேகம் 117647, 2.1 சதவீதம் கூடுதல். ஒரு மணி நேரம் ஓட்டினேன், ஒரு எழுத்துகூடக் கெடவில்லை.

இப்போது வேறு குழப்பம். ஏவிஆர் (இந்த சிப் குடும்பம்) சி நூலகத்தில் பாட் ரேட் கணக்கைத் தானே போடும் செட்பாட் கோப்பைச் சேர்த்தால், கிடைத்த பாட் ரேட் அனுமதித்ததைவிட அதிகம் என்று கம்பைலர் எச்சரிக்கிறது. அதன் இயல்பான வரம்பு 2 சதவீதம். 3 ஆக்கினால் எச்சரிக்கை போய்விடுகிறது. அப்படியே விட்டுவிடலாமா?

படிகக்காரர்:
வேண்டாம் தம்பி. எச்சரிக்கையின் வாயை அடைத்தால் பிழை குறையாது. 2.1 என்பது அப்படியே 2.1 தான்.

நான் பழைய 8051 மைக்ரோகண்ட்ரோலர் காலத்து ஆள். அன்றைக்கு எந்தப் பலகையைத் திறந்தாலும் 11.0592 என்று பொறித்த கிரிஸ்டல் இருக்கும். 12-ஆல் வகுத்தால் 921600, அதை 32-ஆல் வகுத்தால் 28800, அதை 3-ஆல் வகுத்தால் 9600. மிச்சமே இல்லை. அழகான எண் என்று 12 மெகாஹெர்ட்ஸ் போட்டவர்களுக்கு 9600 கேட்டால் 10417 கிடைத்தது. அதுவும் 8.5 சதவீதம், உங்களுடைய 125000 மாதிரியே. பாட் ரேட்டுக்காகவே செய்த கிரிஸ்டல்கள் இன்றும் கடையில் கிடைக்கின்றன. 14.7456 போடுங்கள். 115200-க்கு ரெஜிஸ்டரில் 7, பிழை பூஜ்யம். 9600, 19200, 38400, 57600 எல்லாமே பூஜ்யம். கிரிஸ்டலில் முடிய வேண்டிய வேலையை ஏன் சாப்ட்வேரில் இழுத்துக்கொண்டிருக்க வேண்டும்?

சால்டர்வாசனை:
சார், உங்கள் அனுபவத்தின் மேல் மரியாதை உண்டு, ஆனால் இதை ஏற்க முடியவில்லை. அர்டுயினோ யூனோவில் இருப்பது இதே 328பி, இதே 16 மெகாஹெர்ட்ஸ், 115200-இல் இதே 2.1 சதவீதம். எத்தனை பேர் மேஜையில் அது தினமும் ஓடுகிறது! கிரிஸ்டலை மாற்றினால் நேரக்கணக்கு கெட்டுப்போகும். 16 மெகாஹெர்ட்ஸை 64-ஆல் வகுத்தால் ஒரு மில்லிவினாடிக்குச் சரியாக 250 எண்ணிக்கை. 14.7456-இல் 230.4. அந்த .4-ஐ எங்கே வைப்பீர்கள்? அர்டுயினோ நூலகம் மைக்ரோவினாடிக்கு எத்தனை துடிப்பு என்பதையும் முழு எண்ணாகத்தான் வகுக்கிறது. 14.7456 அதற்கு வெறும் 14. மில்லிவினாடிக் கணக்கு 5 சதவீதம் வேகமாக ஓடும். 57 வினாடி ஆனதும் ஒரு நிமிடம் ஆயிற்று என்று சொல்லும்.

அலைவடிவம்:
யூனோவை இங்கே சாட்சிக்குக் கூப்பிடக்கூடாது. அதில் கணினியோடு பேசும் சிப் ஏடிமெகா16யூ2, அதுவும் 16 மெகாஹெர்ட்ஸ். 115200 கேட்டால் அதுவும் 117647-இல்தான் ஓடும். இரண்டு பக்கமும் ஒரே அளவு தப்பினால் அவற்றுக்கு நடுவே பிழையே இல்லை. இதைப் பாதுகாக்கத்தான் அர்டுயினோ நூலகத்தில் 57600-க்கு மட்டும் ஒரு விதிவிலக்கு எழுதி வைத்திருக்கிறார்கள். யூ2எக்ஸ் போட்டால் 0.8 சதவீதத்துக்கு இறங்கும் என்று தெரிந்தும், புரோகிராமை ஏற்றும் பழைய பூட்லோடரோடும் யூஎஸ்பி சிப்போடும் ஒத்துப்போக வேண்டும் என்பதற்காக 2.1 சதவீதத்திலேயே விட்டிருக்கிறார்கள்.

டேட்டாஷீட் பட்டியலில் போட்டிருக்கும் பிழை, 115200 என்ற எண்ணுக்கும் உங்கள் சிப்புக்கும் நடுவே உள்ளது. வயரில் நடப்பது இரண்டு சிப்புகளுக்கு நடுவே உள்ள வித்தியாசம். மறுமுனையின் கணக்கைப் போடாமல் சரி என்றோ தப்பு என்றோ யாரும் சொல்ல முடியாது.

மின்மினியின் எஃப்டி232ஆரை எடுத்துக்கொள்வோம். அது 30 லட்சத்தை வகுத்து வேகம் எடுக்கும். 115200-க்கு 26.04 வரும், 26 ஆகும், நிஜ வேகம் 115385. அதுவும் 0.16 சதவீதம் மேலே. ஆக இரண்டுக்கும் நடுவே 2 சதவீதத்துக்கு ஒரு மயிரிழை குறைவு.

தாங்குமா? ரிசீவர் ஸ்டார்ட் பிட்டின் விளிம்பில் எண்ணத் தொடங்குகிறது. ஸ்டாப் பிட்டின் நடுப்பகுதி அங்கிருந்து 9.5 பிட் தள்ளி இருக்கிறது. அதற்குள் அரை பிட் நழுவினால் ஆட்டம் முடிந்தது. 0.5 ÷ 9.5 = 5.26 சதவீதம், இது காகிதக் கணக்கு. நிஜத்தில் விளிம்பைக் கவனிக்கவே பதினாறில் ஒரு பங்கு பிட் தாமதமாகலாம், நடுவில் மூன்று மாதிரி எடுத்துப் பெரும்பான்மை பார்க்கவும் இடம் வேண்டும். 328பி டேட்டாஷீட் 8 பிட், பேரிட்டி (பிழை சோதிக்கும் கூடுதல் பிட்) இல்லாத பிரேமுக்கு மொத்தம் சுமார் 4.5 சதவீதம் வரை தாங்கும் என்கிறது. யூ2எக்ஸ் போட்டால் சுமார் 3.9. ஒரு பிட்டுக்கு 16-க்குப் பதில் 8 மாதிரிதானே எடுக்கிறது. பரிந்துரை ±2, யூ2எக்ஸில் ±1.5. இரண்டு முனையும் மொத்தப் பிழையைப் பாதிப் பாதியாகப் பங்கிடும் என்று எடுத்துக்கொண்டு சொன்ன எண்கள் இவை. உங்கள் மறுமுனை தன் பங்கில் கொஞ்சம்தான் தின்கிறது, அதனால்தான் ஒரு மணி நேரம் கெடாமல் ஓடியது.

சால்டர்வாசனை:
அப்படியானால் நான் சொன்னதுதான். கிரிஸ்டலைத் தொட வேண்டாம்.

படிகக்காரர்:
மேஜை மேல் சரி. தம்பியின் பலகை இருக்கப்போவது மாடியில், மோட்டார் ஸ்டார்ட்டர் பக்கத்தில். அங்கே ஆப்டோகப்ளர் (இரு பக்க மின்சாரத்தையும் பிரித்து, ஒளி வழியாகச் சிக்னலைக் கடத்தும் பாகம்) வைக்காமல் யாரும் வயரைக் கீழே இறக்க மாட்டார்கள். சாதாரண ஆப்டோகப்ளரில் ஏறும் விளிம்பு மட்டுமே சில மைக்ரோவினாடி எடுக்கும். 115200-இல் ஒரு பிட்டே 8.68 தான். ஏற்கெனவே 2 சதவீதம் செலவான கணக்கில் இதை எங்கே எழுதுவது? கடிகாரப் பிழை பூஜ்யமாக இருந்தால் மீதி இடம் முழுக்க வயருக்கும் வெயிலுக்கும் கிடைக்கும்.

நேரக்கணக்கு கெடும் என்பதையும் ஒப்புக்கொள்ள மாட்டேன். 14.7456-ஐ 1024-ஆல் வகுத்தால் 14400. அதை 144 வரை எண்ணினால் சரியாக 10 மில்லிவினாடி, ஒரு துளி மிச்சமில்லை. தொட்டி நிரம்புவதைப் பார்க்க அது போதும். அர்டுயினோ நூலகத்தின் பிரச்சினை, அதைப் பயன்படுத்தாதவருக்கு எதற்கு?

சால்டர்வாசனை:
10 மில்லிவினாடிக் கணக்கு சரிதான், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆப்டோகப்ளரும் நியாயமான கேள்வி. ஆனால் 115200-இல் அந்த ஆப்டோகப்ளர் கிரிஸ்டல் எதுவாக இருந்தாலும் இடறும் சார். கடிகாரத்தைத் திருத்தி அதைக் காப்பாற்ற முடியாது, வேகத்தைக் குறைத்தால்தான் முடியும்.

மின்மினி, முதலிலேயே கேட்டிருக்க வேண்டியது: எதற்கு 115200? வினாடிக்கு எத்தனை பைட் அனுப்புகிறீர்கள்?

மின்மினி:
ஒரு வரி 48 பைட், வினாடிக்கு 10 வரி. பார்த்த உதாரணங்களில் எல்லாம் 115200 இருந்தது அண்ணா, அதனால் அதையே எடுத்துக்கொண்டேன்.

சால்டர்வாசனை:
480 பைட். ஒரு பைட்டுக்கு ஸ்டார்ட், ஸ்டாப் சேர்த்து 10 பிட். 9600-லேயே வினாடிக்கு 960 பைட் போகும். 38400-இல் 3840. 16 மெகாஹெர்ட்ஸில் 38400-க்கு 26.04 வரும், ரெஜிஸ்டரில் 25, பிழை 0.16 சதவீதம். யூ2எக்ஸ் வேண்டாம், 16 மாதிரியும் கிடைக்கும். பிட் நீளம் 26 மைக்ரோவினாடி என்பதால் ஆப்டோகப்ளரும் மூச்சு விடும். 48 பைட் போக 12.5 மில்லிவினாடி ஆகும், அதை இன்டரப்டில் (ஒரு பைட் போனதும் சிப்பே அடுத்ததைக் கேட்கும் முறை) அனுப்பினால் மெயின் லூப் காத்திருக்க வேண்டியதில்லை. உண்மையிலேயே வேகம் வேண்டும் என்ற நாளில் 250000 வையுங்கள். 16 மெகாஹெர்ட்ஸில் அது ரெஜிஸ்டர் 3, பிழை பூஜ்யம். எஃப்டி232ஆருக்கும் 12-ஆல் வகுத்தால் பூஜ்யம்.

படிகக்காரர்:
இந்தப் பலகைக்கு 38400 நல்ல முடிவு, மறுக்கவில்லை. ஆனால் 250000 என்பது இரண்டு முனையும் நம் கையில் இருக்கும்போதுதான். கடையில் வாங்கும் மாட்யூல் அதன் வேகத்தில்தான் பேசும், நாம்தான் இறங்கிப் போக வேண்டும்.

மின்மினி:
சார் சொன்னது நெஞ்சில் தைக்கிறது. அடுத்த மாதம் ஈஎஸ்பி8266 வைஃபை மாட்யூல் சேர்க்கப்போகிறேன். ஏடி கட்டளைகளுக்கு (எழுத்தாக அனுப்பும் கட்டளைகள்) பதில் சொல்லும் மென்பொருள் போட்ட மாட்யூல், 115200-இல்தான் விழிக்கிறது.

அலைவடிவம்:
அது 80 மெகாஹெர்ட்ஸை வகுக்கிறது. 694.44 வரும், 694 ஆகும், நிஜ வேகம் 115274. கிட்டத்தட்ட அப்பட்டமான 115200. உங்கள் 117647-க்கும் அதற்கும் நடுவே 2.06 சதவீதம். பலகைக்குள் ஐந்து சென்டிமீட்டர் டிராக் என்றால் ஓடும். ஆனால் இடம் நிறைய மிச்சமிருக்கிறது என்று நான் சொல்ல மாட்டேன்.

சால்டர்வாசனை:
யூஆர்ட் (சீரியல் போர்ட்) வேகத்தை நிரந்தரமாக மாற்ற ஒரு ஏடி கட்டளை இருக்கிறது. அது ஃபிளாஷில் எழுதிவிடும், மின்சாரம் போய் வந்தாலும் நிற்கும். மாட்யூலைப் பலகையில் வைக்கும் முன் யூஎஸ்பி அடாப்டரில் மாட்டி 38400 ஆக்கிவிடுங்கள். உங்கள் 328பி ஒரு தடவைகூட 115200 பேச வேண்டியிருக்காது.

படிகக்காரர்:
நீங்கள் இருக்கும்வரை சரி. இரண்டு வருடம் கழித்து மாட்யூல் பழுதாகி, வேறு யாரோ புதுசு வாங்கி வந்து மாட்டுவார். அது 115200-இல் விழிக்கும், பலகை 38400-இல் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். அந்த மனிதருக்கு யார் சொல்வது? நான் அடுத்தவர் பழுது பார்க்கும்படி பலகை செய்து பழகியவன். அதனால்தான் கிரிஸ்டல், கிரிஸ்டல் என்று கத்துகிறேன்.

சால்டர்வாசனை:
அதற்கு புரோகிராமில் வழி வைக்கலாம் சார். 38400-இல் பதில் வராவிட்டால் 115200-க்கு மாறி அந்த ஒரு கட்டளையை அனுப்பி, மறுபடி 38400-க்கு வந்துவிட வேண்டும். ஒரே ஒரு வரியை 2 சதவீதப் பிழையில் அனுப்புவதும், நாள் முழுக்க அதில் ஓடுவதும் ஒன்றல்ல. பதில் வராவிட்டால் திரும்ப அனுப்பலாம்.

படிகக்காரர்:
அந்தக் குறியீட்டை எழுதி, சோதித்து, பராமரிக்கும் நேரத்தில் நான் ஒரு கிரிஸ்டலை மாற்றிச் சால்டர் ஆறவும் விட்டிருப்பேன். ஆனாலும் நீங்கள் சொன்ன வழி வேலை செய்யும்.

மின்மினி:
இன்றைக்கு 38400 வைத்து 'யூ' அனுப்பி அளந்தேன்: 234.0 மைக்ரோவினாடி. வர வேண்டியது 234.4. செட்பாட் வரம்பைத் திரும்ப 2-க்கே கொண்டுவந்துவிட்டேன், எச்சரிக்கை எதுவும் இல்லை. ஆப்டோகப்ளர் வழியாக 20 மீட்டர் வயரைத் தொங்கவிட்டு, மோட்டாரைப் பத்துத் தடவை போட்டு நிறுத்தியும் பார்த்தேன். ஒரு வரிகூடக் கெடவில்லை.

அடுத்த பலகைக்கு 14.7456-உம் இரண்டு வாங்கி வைத்திருக்கிறேன் சார். மாட்யூல் வந்ததும் சால்டர்வாசனை அண்ணா சொன்ன முறையை 16 மெகாஹெர்ட்ஸிலும், உங்கள் முறையைப் புதுப் பலகையிலும் போட்டு, இரண்டின் அளவையும் இங்கேயே பதிவிடுகிறேன்.