விடுதியைப் பசுமையாக்க மூன்று இலட்சம் ரூபாய்: எதிலிருந்து தொடங்குவது?

மேல்தளத்து மாணவன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். திருச்சிக்கு அருகில் உள்ள ஒரு பொறியியல் கல்லூரியின் ஆண்கள் விடுதியில் தங்கி மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். தரைத்தளமும் அதற்கு மேல் இரண்டு தளங்களுமாக 160 அறைகள். அறைக்கு இருவர் வீதம் 320 பேர் இருக்கிறோம். விடுதியைச் சுற்றுச்சூழலுக்கு உகந்ததாக மாற்றுவதற்கென இந்த ஆண்டு நிர்வாகம் மூன்று இலட்சம் ரூபாய் ஒதுக்கி, அதை எப்படிச் செலவிடுவது என்று முடிவு செய்யும் பொறுப்பை மாணவர் குழுவிடமே விட்டிருக்கிறது. குழுவில் ஆறு பேர், ஆளுக்கொரு கருத்து. மாடியில் சூரிய மின்தகடு வைக்கலாம் என்கிறார் ஒருவர். மெஸ் கழிவைக் கொண்டு எரிவாயுக் கலன் அமைக்க வேண்டும் என்கிறார் இன்னொருவர். ஒவ்வொரு தளத்திலும் மூன்று நிறத்தில் குப்பைத்தொட்டிகள் வைத்தாலே போதும் என்று வேறொருவர் சொல்ல, வார்டனுக்கோ மரக்கன்று நடுவதில்தான் விருப்பம். இரண்டு ஆண்டுகளுக்கு முன் விழா எடுத்து நட்ட இருநூறு கன்றுகளில் இன்று உயிரோடு இருப்பவை பதினொன்று. நட்டவர்களின் பெயர்ப்பலகைகள் மட்டும் பெரும்பாலும் அப்படியே நிற்கின்றன.

என் சொந்தத் துன்பத்தையும் சொல்லிவிடுகிறேன். என் அறை மேல்தளத்தில் இருக்கிறது. சித்திரை மாதத்தில் இரவு பதினொரு மணிக்குச் சுவரில் கை வைத்தால் தோசைக்கல்லை இறக்கி வைத்த அடுப்பைத் தொட்டதுபோல் இருக்கும். தரையில் தண்ணீரை ஊற்றிவிட்டு அதன்மேல் ஈரத் துண்டை விரித்துப் படுக்கிறோம். இதற்குத் தீர்வு காண்பது பசுமைத் திட்டத்தில் சேருமா, அல்லது அது வெறும் வசதிக்கான கோரிக்கை என்று தள்ளிவிடுவார்களா என்றும் தெரிய வேண்டும். அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டுங்கள்.

பழைய மெஸ் மேலாளர் எழுதியது:

தம்பி, பத்தொன்பது ஆண்டுகள் விடுதி மெஸ்களை நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன். பணத்தில் ஒரு ரூபாயைக்கூடத் தொடுவதற்கு முன்பு ஒரு தொங்கு தராசு வாங்கி, எச்சில் வாளியை மூன்று வேளையும் ஒரு வாரத்துக்கு எடை போடுங்கள். சமையற்கட்டில் விழும் காய்த்தோலையும், அண்டாவில் பரிமாறாமல் மிஞ்சியதையும், தட்டிலிருந்து கொட்டியதையும் மூன்று தனி வாளிகளில் சேர்க்க வேண்டும். மூன்றும் ஒரே கழிவாகத் தோன்றினாலும் மூன்றுக்கும் காரணம் வேறு. காய்த்தோல் தவிர்க்க முடியாதது. அண்டாவில் மிஞ்சினால் சமைப்பவரின் கணக்கு பிசகியிருக்கிறது. தட்டில் மிஞ்சினால் பரிமாறும் முறையிலோ ருசியிலோ கோளாறு இருக்கிறது.

எரிவாயுக் கலனைப் பற்றிப் பலரும் பெரிதாக எண்ணிக்கொண்டிருப்பதால் அந்தக் கணக்கைச் சற்று விரிவாகவே போட்டுக் காட்டுகிறேன். ஆளுக்கு நூறு கிராம் வீதம் உங்கள் விடுதியில் நாளொன்றுக்கு 32 கிலோ உணவு வீணாகிறது என்று வைத்துக்கொள்வோம். பத்துக் கிலோ உணவுக் கழிவிலிருந்து ஏறத்தாழ ஒரு கன மீட்டர் வாயு கிடைக்கும். ஒரு கன மீட்டர் வாயு அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைந்த எல்.பி.ஜி.க்குச் சமம். ஆகவே உங்களுக்கு நாளொன்றுக்கு மிச்சமாவது ஒன்றரைக் கிலோ எரிவாயுகூட இல்லை. 19 கிலோ வணிகச் சிலிண்டர் ஒன்றை மிச்சப்படுத்த இரண்டு வாரம் ஆகும். அதே 32 கிலோ சோற்றையும் குழம்பையும் சமைக்க ஆன அரிசி, பருப்பு, எண்ணெய், எரிவாயு, தண்ணீர், ஆள் கூலி அனைத்தையும் சேர்த்துக் கிலோவுக்கு ஐம்பது ரூபாய் என்று குறைவாக மதிப்பிட்டாலும் நாளைக்கு 1,600 ரூபாய் வாளியில் போகிறது. கலன் அதில் ஒரு சிறு பங்கைத்தான் திருப்பித் தரும். கலன் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. காய்த்தோலுக்கும் கழுநீருக்கும் அது நல்ல வழிதான். ஆனால் வீணாவதைப் பாதியாகக் குறைத்த பிறகு, மிஞ்சுவதற்கு ஏற்ற அளவில் அமைக்க வேண்டும். முதலிலேயே பெரிய கலனைக் கட்டிவிட்டால், அதற்குத் தீனி போடுவதற்காகவே சோற்றைக் கொட்டுகிறோமோ என்ற நிலை வந்துவிடும். நான் அதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

கலன் வைத்தால் ஒன்றை மறவாதீர்கள். தொடக்கத்தில் சாணக் கரைசலை ஊற்றிச் சில வாரங்கள் பொறுத்திருக்க வேண்டும். எலுமிச்சைத் தோல், எலும்பு, முட்டை ஓடு ஆகியவற்றை உள்ளே போடக் கூடாது. பார்த்துக்கொள்ள ஒரு நிரந்தரப் பணியாளர் இல்லையென்றால், தேர்வு விடுமுறை முடிந்து நீங்கள் திரும்பும்போது அது நாற்றமடிக்கும் தொட்டியாகத்தான் இருக்கும்.

சுண்ணாம்பும் செங்கலும் எழுதியது:

மேல்தளத்து வெக்கையை வசதிக்கான கோரிக்கை என்று யாராவது தள்ளினால் அதை ஏற்காதீர்கள். வெப்பமான அறையில்தான் மின்விசிறி இரவு முழுவதும் முழு வேகத்தில் ஓடுகிறது. இன்னும் இரண்டு கோடை கழிந்தால் குளிர்சாதனம் கேட்டு மனு எழுதப்போவதும் அந்தத் தளம்தான்.

காரணம் எளியது. ஐந்து அங்குலக் கான்கிரீட் தளம் பகல் முழுவதும் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு, பொழுது சாய்ந்த பிறகு அதை மெல்ல மெல்ல அறைக்குள் இறக்குகிறது. பழைய வீடுகளில் தளத்தின்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த கலவையைப் போட்டு, அதன்மேல் தட்டோடு பதித்தார்கள். இப்போது அந்த அடுக்கு மெலிந்துகொண்டே வந்து, பல கட்டடங்களில் பெயரளவுக்குத்தான் இருக்கிறது. உங்கள் மாடி ஏறத்தாழ 900 சதுர மீட்டர் இருக்கும் என்று ஊகிக்கிறேன். அதற்குப் பங்குனி தொடங்கும் முன்பே, பசை கலந்த வெள்ளைச் சுண்ணாம்பை இரண்டு பூச்சு அடித்துவிடுங்கள். பொருட்செலவு மிகக் குறைவு, கூலிதான் பெரும்பகுதி. மழையில் கரைந்துவிடுமே என்று கேட்பார்கள். கரையத்தான் செய்யும், ஆண்டுதோறும் அடிக்க வேண்டும். ஐந்தாறு ஆண்டுகள் தாங்கும் வெண்பூச்சுகளும் கிடைக்கின்றன, விலை கூடுதல். எதை அடித்தாலும் தூசி படிந்து பழுப்பேறினால் பயன் குறைந்துவிடும் என்பதால் மாடியைக் கூட்டி வைப்பது கட்டாயம்.

இன்னொன்று, உங்கள் அறைக் கதவுக்கு மேலே உள்ள காற்றுத் திறப்பைப் பாருங்கள். தாழ்வாரத்து விளக்கு கண்ணில் படுகிறதென்று அதை அட்டையோ நாளிதழோ ஒட்டி அடைத்திருப்பீர்கள். நான் ஆய்வு செய்த விடுதிகளில் பத்து அறைக்கு ஏழில் அப்படித்தான் இருந்தது. காற்று சன்னல் வழியாக உள்ளே வர வேண்டுமென்றால் எதிர்ப்பக்கத்தில் வெளியேற வழி வேண்டும். 1970களின் தொடக்கத்தில் திருவனந்தபுரத்தில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் வடிவமைத்த வளர்ச்சி ஆய்வு மைய வளாகத்துக்கு ஒருமுறை போய் வாருங்கள். சரிவான நிலத்தின் போக்கிலேயே கட்டடங்கள் வளைந்து செல்வதையும், செங்கற்களுக்கு இடையே விட்ட சிறு சிறு துளைகளின் வழியாகச் சுவரே காற்றை உள்ளே விடுவதையும் அங்கே பார்க்கலாம். உங்கள் விடுதியை இடித்துக் கட்ட முடியாதுதான், ஆனால் ஒட்டிய அட்டையைக் கிழிக்கச் செலவேதும் இல்லை.

சூரிய மின்தகடு கேட்கும் நண்பருக்கு ஒரு கணக்கு. மூன்று இலட்சத்துக்குத் தோராயமாக 5 கிலோவாட் அமைப்பு கிடைக்கும்; நம் ஊர் வெயிலில் அது நாளுக்கு 20 யூனிட் அளவுக்குத் தரும். அதே பணத்தில், ஒன்று 3,000 ரூபாய் என்று வைத்தால் குறைந்த மின்சாரத்தில் ஓடும் பி.எல்.டி.சி. வகை மின்விசிறிகள் நூறு வாங்கலாம். சாதாரண விசிறி 75 வாட் இழுக்கும் இடத்தில் இது 30 வாட் இழுக்கும். நாளுக்குப் பதினான்கு மணி நேரம் ஓடினால் நூறு விசிறியில் மிச்சமாவது 63 யூனிட். மின்தகடு வேண்டியதுதான், ஆனால் ஓட்டைப் பானையை அடைத்துவிட்டுத் தண்ணீர் ஊற்றலாமே என்பதுதான் என் கருத்து. வாங்கும்போது இரண்டைக் கவனியுங்கள்: பழைய சுழல் ரெகுலேட்டரோடு இவை சரிவர ஓடாது, அதைக் கழற்றிவிட வேண்டும், ரிமோட்டை மட்டும் நம்பியிருக்கும் வகையைத் தவிர்த்து, சுவர் சுவிட்சை அணைத்துப் போட்டாலே வேகம் மாறும் வகையை வாங்குங்கள். விடுதியில் ரிமோட் ஒரு பருவத்துக்குமேல் பிழைத்ததாக நான் கேள்விப்பட்டதே இல்லை.

ஆழ்துளை எழுதியது:

சுருக்கமாகத் தண்ணீரைப் பற்றி மட்டும் சொல்கிறேன். தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டிலேயே மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டதால் உங்கள் கட்டடத்திலும் குழாயும் குழியும் இருக்கும். குழி மண்மூடிப் போயிருக்கவும் கூடும். ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர். 900 சதுர மீட்டர் மாடியில் 40 மில்லிமீட்டர் பெய்தால் 36,000 லிட்டர், அதாவது 12,000 லிட்டர் லாரி மூன்று. குழியில் உள்ள ஜல்லியையும் மணலையும் ஐப்பசிக்கு முன் அள்ளிக் கழுவிப் போட்டாலே பாதி வேலை முடிந்துவிடும். குடிநீருக்கு ஆர்.ஓ. இயந்திரம் வைத்திருந்தால் அது வெளியேற்றும் நீர் எங்கே போகிறது என்றும் பாருங்கள். உப்புக் கூடியது என்பதால் செடிக்கு ஊற்ற வேண்டாம். கழிவறைத் தொட்டிக்குத் திருப்பலாம்.

கொடிக்கயிறு எழுதியது:

தம்பிக்கு வாழ்த்துகள். பெண்கள் விடுதியில் ஐந்து ஆண்டுகள் இருந்தவள் என்பதால், இதுவரை யாரும் தொடாத ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் காலத்தில், ஒருமுறை பயன்படுத்தி எறியும் நாப்கினுக்குப் பதிலாகத் துணி நாப்கினைப் பயன்படுத்துமாறு ஒரு விழிப்புணர்வுக் கூட்டம் நடத்தி, எல்லாருக்கும் இலவசமாகவே கொடுத்தார்கள். மூன்று மாதத்தில் ஏறக்குறைய அனைவரும் பழைய வழக்கத்துக்கே திரும்பிவிட்டோம். சோம்பல் என்று வார்டன் அம்மா கடிந்துகொண்டார். உண்மைக் காரணம் மாடிக் கதவில் தொங்கிய பூட்டு. துணி நாப்கினை நல்ல வெயிலில் உலர்த்த வேண்டும். எங்களுக்கோ அறைக்குள் கட்டிலுக்கும் சன்னலுக்கும் இடையே கட்டிய கயிறுதான் இருந்தது. மழைக்காலத்தில் உள்ளாடையே இரண்டு நாள் காயாமல் நாறும்போது இதை எங்கே உலர்த்துவது? மாடியில் ஆள் உயரத்துக்கு ஒரு மறைப்புச் சுவரும் பத்துக் கொடிக்கயிறும் கட்டி, பகலில் கதவைத் திறந்து வைத்திருந்தால் அந்தத் திட்டம் நின்றிருக்கும். இடம் செய்துகொடுக்காமல் பழக்கத்தை மாற்றச் சொல்வது எங்கேயும் நடப்பதுதான். உங்கள் கல்லூரியின் பெண்கள் விடுதிக்கும் இதுபோல் பணம் ஒதுக்கியிருக்கிறார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

மூன்று நிறத் தொட்டியை வாங்குவதற்கு முன், குப்பையை அள்ளும் அம்மாவிடம் பத்து நிமிடம் பேசுங்கள். எங்கள் தளத்துக்கு வந்தவர், மீந்த சாப்பாட்டைப் பிளாஸ்டிக் பையில் முடிச்சுப் போட்டு எறிவதுதான் தனக்குப் பெரிய தொல்லை என்றார். ஒவ்வொரு முடிச்சையும் அவர் கையால் அவிழ்க்க வேண்டியிருந்தது. அறைக்குள் உணவுக் கழிவு கூடாது, தளத்துக்கு ஒரே ஒரு மூடி போட்ட வாளிதான் என்று வைத்துக்கொண்ட பிறகு அந்தத் தொல்லை ஓய்ந்தது.

ஒழுகும் குழாய்களையும் எண்ணுங்கள். 200 மில்லி டம்ளரைக் குழாயடியில் வைத்து, அது பத்து நிமிடத்தில் நிறைகிறது என்றால் அந்த ஒரு குழாய் நாளைக்கு 28 லிட்டருக்குமேல் விடுகிறது என்று பொருள். மாற்ற வேண்டியது பெரும்பாலும் ஒரு வாஷர்.

மேல்தளத்து மாணவன் எழுதியது:

பெரியவர்களுக்கும் அக்காவுக்கும் நன்றி. ஒரு வாரம் எடை போடச் சொன்னீர்கள். இதுவரை மூன்று நாள் முடிந்திருக்கிறது. தட்டு வாளி மட்டும் 31, 24, 47 கிலோ. மூன்றாம் நாள் காலை ரவை உப்புமா. ருசி பிடிக்காமல் கொட்டியிருப்பார்கள் என்றுதான் நினைத்தோம். வாளிக்குப் பக்கத்திலேயே நின்று கேட்டபோதுதான், எட்டேகால் மணிக்குமேல் வந்தவர்களுக்குச் சட்னி தீர்ந்துபோயிருந்தது தெரிந்தது. வெறும் உப்புமாவை எவ்வளவு நேரம் மெல்ல முடியும்? 96 குழாய்களில் 23 ஒழுகுகின்றன. என் அறையின் காற்றுத் திறப்பில் இரண்டு ஆண்டுக்கு முந்தைய நாட்காட்டி அட்டை ஒட்டியிருந்தது, ஒட்டியவன் நான்தான்.

குழு இப்போது முடிவு செய்திருப்பது இது: வாஷர்கள், மாடிக்குச் சுண்ணாம்பு, மழைநீர்க் குழியைத் தூர்வாருதல், மேல்தளத்து 54 அறைகளுக்கு மட்டும் புதிய மின்விசிறிகள். விசிறிக்கு 1,62,000 ரூபாய் போனாலும் கையில் மீதி இருக்கும். அதிலிருந்து பெண்கள் விடுதி மாடிக்கு மறைப்புச் சுவர் கட்டித் தரலாமா என்று வார்டனிடம் கேட்டிருக்கிறோம். அந்த வார்டன் அம்மாவைக் கலந்துகொண்டு சொல்வதாகக் கூறியிருக்கிறார். மின்தகடு கேட்ட நண்பர் இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

மெஸ் மேலாளர் ஐயாவிடம் ஒரு சந்தேகம். தட்டில் மிஞ்சுவதைக் குறைக்க மாணவர்களே போட்டுக்கொள்ளும் முறைக்கு மாறலாமா?

பழைய மெஸ் மேலாளர் எழுதியது:

சோற்றுக்கும் பொரியலுக்கும் மாறலாம். அப்பளம், முட்டை, இனிப்புக்கு வேண்டாம், வரிசையின் கடைசியில் நிற்பவனுக்கு ஒன்றும் கிடைக்காது. உப்புமா அன்று சட்னியை இரண்டு தவணையாக அரைக்கச் சொல்லுங்கள். சோற்றுக் கரண்டியை இப்போது உள்ளதில் முக்கால் அளவுள்ளதாக மாற்றுங்கள். வேண்டியவர் இரண்டாம் முறை வரட்டும். புதிய கரண்டி வந்த அன்றைக்கே பழைய கரண்டிகளை எண்ணி ஸ்டோர் அறையில் வைத்துப் பூட்டிச் சாவியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் மூன்றாம் நாள் மதியம், கூட்டம் நெருக்கும் நேரத்தில், பரிமாறுபவர் கையில் பழைய கரண்டிதான் இருக்கும்.